ஏழாம் வாளி

ஆறு வாளி வரைக்கும் தண்ணீர்தான் வரும்.
இதைச் சொன்னால் போதும்,
காவேரிப்பட்டணத்தில் எங்கள் வயதுக்காரர் எவரும்
டீயைக் கீழே வைத்துவிட்டு நிமிர்வார்கள்.

செவ்வாய் இரவு ஒன்பது மணித் தொடர்.
எண்பத்து மூன்று வாரம்.
பேயை ஒருமுறைகூடக் காட்டவில்லை.
கிணற்று உருளை கிறீச்சிடும், அவ்வளவே.
அதற்கே ஷம்ஷாத்
வீட்டுக்குக் குழாய் வரும்வரை
அந்தியில் தண்ணீர் சேந்தப் போனதில்லை.

இப்போது அது ஒலிப்புத்தகமாகத் தொடர்கிறது,
இருபத்தாறு வருடம் கழித்து,
பதினேழு மணி நேரம்.
அதே கிணறு.
இன்ஸ்பெக்டர் பலராமனுக்கு மட்டும் முழங்கால் வலி.

தீர்த்தகிரி தொப்பூர்க் கணவாயில்
லோடு லாரியை இறக்கிக்கொண்டே கேட்டிருக்கிறான்.
இரண்டாவது கியர், பிரேக்கில் கால்,
காதில் உருளை.
"சத்தம் தப்பு" என்கிறான்.
"பழைய உருளை துருப்பிடிச்சது.
இது எண்ணெய் போட்ட உருளை.
எண்ணெய் போட ஆள் இருக்கிற கிணத்துல
பேய்க்கு என்ன வேலை?"

எலிசபெத்துக்கு வேறு குறை.
தருமபுரி பெரியாஸ்பத்திரியில் நர்ஸ்,
மாதத்தில் பத்து நாள் இரவு டூட்டி.
"நாலாம் அத்தியாயத்துல அது பேசுதுப்பா.
பேசக் கூடாது.
பேசினா நம்மள மாதிரி ஆயிடும்.
வார்டுல என்னைப் பயமுறுத்தினவங்க யாரும்
வாயைத் திறந்ததில்ல."

எனக்கு வாசிப்பவர் குரல் பிடித்திருந்தது.
அதைச் சொல்ல இடம் கிடைக்கவில்லை.
ஏனென்றால் அதற்குள் பேச்சு
வழக்கமான இடத்துக்கு வந்துவிட்டது:
கடைசி வாரம்,
ஏழாம் வாளியில் வந்தது என்ன?

சிலேட்டு, என்கிறாள் ஷம்ஷாத்,
அதில் பலராமன் பேர், குழந்தைக் கையெழுத்தில்.
முடி, என்கிறான் தீர்த்தகிரி,
கயிறு என்று இழுத்ததே முடிதான்.
எலிசபெத்துக்குக் காலி வாளி,
உள்ளே ஈரமே இல்லை.
எரியும் அகல்விளக்கு, என்று சொன்னேன் நான்.

அன்றைக்கு எங்கள் தெருவில் கரண்ட் இல்லை.
மறுநாள் வகுப்பில் வாய்க்கு வந்தது விளக்கு.
மதியச் சாப்பாட்டுக்குள் நானே நம்பிவிட்டேன்.
மற்ற மூன்று முகத்தையும் பார்க்கிறேன்.
யார் தெருவில் கரண்ட் இருந்தது?

போன ஞாயிறு பத்தொன்பதாம் அத்தியாயம்.
தனித்தனியாகக் கேட்கக் கூடாதென்று சத்தியம்.
ஷம்ஷாத்தின் ஜெராக்ஸ் கடை,
பாதி இறக்கிய ஷட்டர்,
மெஷின் மேல் போன்.
நாலு தலையும் அதன்மேல் குனிந்திருக்க
அந்தக் குரல் நிதானமாகச் சொன்னது:
"அன்றிரவு ஏழாம் வாளியில் வந்தது..."

ஹாரன்.
ஏர்ஹாரன், மூன்று சுருதி,
கடைசியில் ஏறி முடிகிற மாதிரி.
ஓய்ந்தபோது குரல் அடுத்த வரியில் இருந்தது:
"அதன்பின் பலராமன் அந்த ஊரில் தண்ணீர் குடிக்கவில்லை."

பின்னால் தள்ளு என்று யாரும் சொல்லவில்லை.
ஷம்ஷாத்தின் விரல் போனுக்குப் போய்
அதன்மேலிருந்த டோனர் தூசியைத் துடைத்தது.
"நான் சொன்னேன்ல" என்றான் தீர்த்தகிரி.
எலிசபெத்தும் தலையாட்டினாள்,
தான் சொன்னதுக்கு.

அன்றிரவு மாங்கூழ் ஆலையில் ஷிப்ட்.
தகர டப்பாக்கள் வரிசையாக வந்து
மூடி வாங்கிக்கொண்டு போகின்றன.
சூப்பர்வைசர் பார்க்காத பக்கத்துக் காதில்
இயர்போனைச் செருகினேன்.
பின்னால் தள்ளினேன்.

"ஏழாம் வாளியில் வந்தது..."
ஹாரன்.

கழற்றினேன். ஆலைச் சத்தம் மட்டும்.
திரும்பச் செருகி, பத்து வினாடி பின்னால்.
மூன்று சுருதி. கடைசியில் ஏறி முடிகிறது.

அது எனக்குத் தெரிந்த ஹாரன்.
நாமக்கல்லில் பாடி கட்டியபோது
தீர்த்தகிரி கேட்டுவாங்கிப் பொருத்தியது.
ஞாயிறு சாயங்காலம் அந்த லாரி
ஜெராக்ஸ் கடை வாசலில்தான் நின்றது.
சாவி அவன் சட்டைப்பையில்.

செவ்வாய்க்கிழமை டீக்கடையில்
சர்க்கரையைக் கலக்கியபடி,
என்னைப் பார்க்காமல் கேட்டான்:
"அந்த இடத்தைத் திரும்பக் கேட்டியா?"

"இல்லையே."

"நானும் கேக்கல" என்றான்,
கொஞ்சம் சீக்கிரமாகவே.